பழைய அமெரிக்கக் கேலிச்சித்திரத்தில் ஓவியரின் கையெழுத்து இருந்தால் கூடுதல் விலை கொடுக்கலாமா?

'பக்', 'ஜட்ஜ்' மாதிரி நையாண்டி வார இதழ்களில் வந்த படங்களைத்தானே கேட்கிறீர்கள்? கொடுக்காதீர்கள். அந்தக் கையெழுத்து லித்தோ அச்சில், அதாவது கல்லில் வரைந்து எடுக்கும் அச்சில், படத்தோடு சேர்ந்தே வந்தது. அந்த வாரம் அச்சான அத்தனை பிரதியிலும் இருக்கும்.

நியூஜெர்சியில் பழைய புத்தகச் சந்தை ஒன்றில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். 1904 செப்டம்பர் 7 'பக்' இதழின் நடுப்பக்கப் படம். அந்நாளில் அமெரிக்க எண்ணெய் வியாபாரத்தின் பெரும்பகுதியைக் கையில் வைத்திருந்த ஸ்டாண்டர்ட் ஆயில் கம்பெனி, எண்ணெய்த் தொட்டியே உடம்பான ஆக்டோபஸாக உட்கார்ந்து, நாடாளுமன்றக் கட்டடத்தை ஒரு கையால் வளைத்துக்கொண்டு வெள்ளை மாளிகை பக்கம் இன்னொரு கையை நீட்டும். அதை ஃபிரேம் போட்டு, 'ஜோசப் கெப்ளர் கைப்பட இட்ட கையெழுத்து' என்று சீட்டு வேறு ஒட்டியிருந்தார்கள். 'பக்'கைத் தொடங்கிய ஜோசப் கெப்ளர் 1894-லேயே இறந்துவிட்டார்! இதை வரைந்தது மகன் உடோ. அப்பா போனபிறகு அவர் பெயரையே வைத்துக்கொண்டவர். சொன்னதும், "ஒரே குடும்பம்தானே" என்றார் கடைக்காரர். விடவில்லை, ஃபிரேமைக் கழற்றச் சொன்னேன். பின்பக்கம் வெள்ளை வெளேரென்று இருந்தது. இதழிலிருந்து எடுத்த தாள் என்றால் பின்னால் அச்செழுத்தும் நடுவில் மடிப்பும் இருக்க வேண்டாமா? அமெரிக்க காங்கிரஸ் நூலகம் இந்தப் படங்களை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. யார் வேண்டுமானாலும் இப்படிப் புதிதாகப் பிரின்ட் போட்டுக்கொள்ளலாம்.

கைப்படக் கையெழுத்திட்ட பிரதியே கிடையாது என்று நான் சொல்லவில்லை, அதற்குள் சண்டைக்கு வராதீர்கள். பேனாவில் போட்டிருந்தால் மை அச்சுக்கு மேலே நிற்பது லென்ஸில் தெரிந்துவிடும். "வெள்ளைக்காரன் படத்துக்குப் போய் இவ்வளவு காசா" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று. கம்பெனியின் பிடியில் அரசாங்கம் சிக்குவதை இவ்வளவு துணிச்சலாக வரைந்தவன் எந்த ஊர்க்காரனாக இருந்தால் என்ன?

என் ஆத்திரமெல்லாம் ஃபிரேம் கடைக்காரர்கள் மேல்தான். அப்பா கெப்ளர் 1889-இல் வரைந்த செனட் படம், பணமூட்டை வயிற்றோடு முதலாளிகள் உறுப்பினர்களுக்குப் பின்னால் மலை மாதிரி நிற்பார்களே, அதன் அசல் தாளே எனக்குக் கிடைத்தது. ஃபிரேம் போடக் கொடுத்தால், சூடு வைத்து அட்டையில் ஒட்டித் தந்துவிட்டார்கள். மரக்கூழ்த் தாள், பிரித்தால் நொறுங்கும். அசல் என்று காட்ட இருந்த பின்பக்க எழுத்தும் பசைக்குள் போய்விட்டது. கேட்டால், "இனிமேல் சுருங்காது" என்கிறார்கள். நீங்கள் கொடுக்கும்போது, மேல் ஓரத்தில் மட்டும் ஜப்பான் தாள் என்கிற மெல்லிய, உறுதியான தாளை வைத்துப் பிடிக்கச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.