பேரணிக்குப் பின்னும் தெரு மாறவில்லை என்ற கேள்விக்கு

வணக்கம். மகளிர் தினப் பேரணி நடத்திய பின்னும், பக்கத்து வீட்டில் அடி விழுந்தால் "அது புருஷன் பெண்டாட்டி விவகாரம்" என்று தெருவே கதவைச் சாத்திக்கொள்வதாக உங்கள் சுய உதவிக் குழுவின் சார்பில் எழுதியிருக்கிறீர்கள். ஒருநாள் பேரணியால் இந்த எண்ணம் மாறாததில் வியப்பில்லை.

உகாண்டாவின் கம்பாலாவில் 'ரெய்சிங் வாய்சஸ்' அமைப்பு பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க உருவாக்கிய 'சாசா' செயல்திட்டத்தைப் பாருங்கள். அங்கே அந்தந்தப் பகுதியில் வாழும் ஆண்களும் பெண்களுமே பயிற்சி பெற்று, அண்டை அயலாரிடம் ஆண்டுக்கணக்கில் பேசினார்கள். அடிப்பது குற்றம் என்று தொடங்காமல், வீட்டில் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, அதை எப்படிப் பயன்படுத்துகிறோம் என்ற கேள்வியிலிருந்து தொடங்கியதே அதன் பலம் என்பது என் கருத்து. குற்றம் சாட்டினால் எழுந்து போய்விடும் ஆண்கள்கூட இதற்கு உட்கார்ந்து பதில் சொல்வார்கள். 2007 முதல் 2012 வரை 8 பகுதிகளில் நடந்த ஆய்வில், திட்டம் நடந்த இடங்களில் துணைவரின் உடல்ரீதியான வன்முறை மற்ற இடங்களைவிட 52 சதவீதம் குறைவாக இருந்தது (பகுதிகள் சிலவே என்பதால் இந்த எண்ணை இறுதியானதாகக் கொள்ள வேண்டாம்).

ஆகவே தெருவுக்கு இருவரைத் தேர்ந்தெடுங்கள். ஒருவர் ஆணாக இருக்கட்டும். 2008இல் இந்தியாவில் தொடங்கிய 'பெல் பஜாவோ' பிரசாரம் சொன்னதுபோல, சத்தம் கேட்டால் அழைப்புமணியை அழுத்தி ஏதாவது கேட்டாலே போதும் என்பதை முதலில் அவர்கள் பழகட்டும். ஆனால் பேச்சைத் தொடங்குமுன், உதவி கேட்டு வரும் பெண்ணுக்கு வழிகாட்ட 181 மகளிர் உதவி எண்ணையும், குடும்ப வன்முறைச் சட்டப்படி உதவும் மாவட்டப் பாதுகாப்பு அலுவலரின் தொடர்பையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்; அந்தப் பெண்ணின் சம்மதமின்றி எதையும் செய்யாதீர்கள்.