பாதை இல்லாத காட்டில், ஆள் போகாத அருவிகளைத் தேடிப் போவது எப்படி? தனியாகப் போகலாமா?

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: போகாதீர்கள். பாதை இல்லாத இடத்தில் கணுக்கால் பிசகினால், அந்த வழியாக யாரும் வரப்போவதில்லை. மூன்று பேர் இருந்தால் ஒருவர் அடிபட்டவருக்குத் துணையாக இருக்க, இன்னொருவர் உதவி தேடிப் போகலாம். நான் மூன்று பேருக்குக் குறைந்து கிளம்புவதில்லை. நுழைவதற்கு அனுமதி வேண்டிய காடு என்றால் அதை வாங்கிக்கொண்டுதான். எங்கே போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதியும் கொடுத்துவிடுவோம்.

அருவியைக் கண்டுபிடிப்பது காட்டில் நடக்கும் வேலை அல்ல, மேசையில் நடக்கும் வேலை. (அருவி என்றே எழுதுகிறேன். அப்படியொரு சொல் இருக்கும்போது 'நீர்வீழ்ச்சி' எதற்கு?) சம உயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள நிலப்படத்தை விரித்து, ஓடையின் நீலக் கோட்டை விரலால் தொட்டுக்கொண்டே மேலே போங்கள். உயரக் கோடுகள் அதை நெருக்கியடித்து வெட்டும் இடம் செங்குத்தான இடம். அங்கே ஓடை விழுந்துதான் ஆக வேண்டும். ஆனால் கோடுகளுக்கிடையே 20 மீட்டர் உயர வேறுபாடு உள்ள படத்தில், 15 மீட்டர் அருவி ஒன்று இரண்டு கோடுகளுக்கு நடுவே முழுதாக ஒளிந்துகொள்ளும். நம் வழியை மறிக்கப்போகும் பாறைச் சுவரும் அப்படியே ஒளிந்திருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்த இடத்துக்கு மேலே எவ்வளவு பரப்பிலிருந்து மழைநீர் ஓடைக்கு வருகிறது என்பதையும் பாருங்கள். பரப்பு சிறியதென்றால் மழை நின்ற சில நாட்களிலேயே அருவி காணாமல் போய்விடும். ஆறு மணி நேரம் புதரை விலக்கி நடந்து, கடைசியில் ஒரு பாறையில் ஈரக் கறையை மட்டும் தரிசித்துவிட்டுத் திரும்பியவன் நான்.

நேரக் கணக்கில்தான் புதியவர்கள் ஏமாறுகிறார்கள். ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் ஒரு கணக்குச் சொன்னார்: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி நேரம். நல்ல பாதையில் இன்றும் அது ஓரளவு சரியாக வரும். பாதை இல்லாத அடர்காட்டில் மணிக்கு ஒரு கிலோமீட்டர் நகர்ந்தாலே எனக்கு நல்ல நாள். அதனால் திரும்பும் நேரத்தைக் கிளம்பும்போதே முடிவு செய்துவிடுவோம். அருவியின் இரைச்சல் காதில் விழுந்துகொண்டிருந்தாலும், அந்த நேரம் வந்துவிட்டால் திரும்பிவிடுவோம். இரண்டு முறை அப்படித் திரும்பியிருக்கிறோம். வயிற்றெரிச்சலாகத்தான் இருந்தது.

இனி, நான் செய்த முட்டாள்தனம். ஒருமுறை, கீழே இரைச்சல் கேட்கிறதே என்று மூவரும் ஓடையிலேயே இறங்கினோம். வழியில் ஆளுயரத்துக்கு ஒரு வழவழப்பான பாறை. அதில் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே சறுக்கினோம். இன்னும் இருநூறு எட்டு வைத்திருப்போம், முன்னால் தரை இல்லை. தண்ணீர் ஒரு விளிம்பில் மடங்கி மறைந்தது. அதற்கப்பால் மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது. தேடி வந்த அருவியின் தலையில் நின்றுகொண்டிருந்தோம். திரும்பி வந்தால், சறுக்கிய பாறையில் பாசி. நகம் பதியக்கூட இடமில்லை. ஒருவர் தோளில் ஒருவர் ஏறி, மேலே போனவர் பையின் வார்களை முடிச்சிட்டுத் தொங்கவிட்டு, கடைசி ஆளான என்னை இழுத்து ஏற்றுவதற்குள் முக்கால் மணி நேரம் போயிற்று. அதற்குள் மேலே எங்காவது மழை பெய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருந்தாலும் வெள்ளம் வரும். தெளிந்த நீர் திடீரென்று கலங்குவது, சருகும் சுள்ளியும் மிதந்து வருவது, இரைச்சல் கனப்பது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் கரையேறிவிட வேண்டும். ஓடையின் வேகம் இரண்டு மடங்கானால் அது காலைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே விதி: திரும்ப ஏற முடியாது என்று தோன்றும் எந்த இடத்திலும் இறங்குவதில்லை. ஓடை எங்களுக்கு அடையாளம், பாதை அல்ல. முகட்டோடு நடந்து, அருவிக்கு வெகு கீழே போய் ஓடையைத் தொட்டு, அங்கிருந்து மேல்நோக்கி வருவோம். சுற்றுவழிதான். ஆனால் ஏறிப் போன இடத்தில் மாட்டிக்கொண்டால், இறங்க வேண்டிய வழி நமக்கு ஏற்கெனவே தெரியும். ஜிபிஎஸ்ஸை மட்டும் நம்புவதும் கூடாது. ஒடுங்கிய பள்ளத்தில் பாறைச் சுவர்களில் சிக்னல் பட்டுத் தெறித்து, நாம் நிற்காத இடத்தில் நிற்பதாகக் காட்டும்.

அடுத்த ஆண்டு அதே அருவிக்கு இப்படிச் சுற்றிக்கொண்டு போனோம். மடுவில் இறங்கவில்லை. அருவி விழும் இடத்தில் தண்ணீர் முழுக்க நுரை, காற்று. நீச்சல் தெரிந்தவனையும் அது தாங்காது. ஓரத்தில் கால் நனைத்து உட்கார்ந்து மேலே பார்த்தோம். இப்படிப்பட்ட அருவிகளில் கீழே இருக்கும் மென்பாறையைத் தண்ணீர் குடைந்துகொண்டே போகும், மேலே இருக்கும் கடினப் பாறை மட்டும் மிஞ்சும். போன ஆண்டு நாங்கள் மூவரும் நின்ற விளிம்பு, அடியில் எந்த முட்டும் இல்லாமல், பலகைபோல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.