பழைய ஜீப்பின் பிரேக் மேம்பாடு: கேள்வி பதில்

வில்லிஸ் சிஜே-3பி ஜீப்பையும், அதே வடிவத்தில் மஹிந்திரா உரிமம் பெற்று இந்தியாவில் தயாரித்த ஜீப்பையும் வைத்திருப்போர் அனுப்பிய கேள்விகளுக்கான பதில்கள் இவை.

கேள்வி: மலைச்சாலையில் இறங்கும்போது பிரேக் வலுவிழக்கிறது. இப்போதுள்ள டிரம் பிரேக்கை (சுழலும் உருளையின் உட்புறத்தில் பிரேக் ஷூ அழுந்தும் வகை) நீக்கி, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் (சுழலும் தட்டை பிரேக் பேட் இருபுறமும் அழுத்தும் வகை) பொருத்தலாமா, ஐயா?

பதில்: பொருத்தலாம், ஆனால் அதை முதல் வேலையாக வைத்துக்கொள்ள வேண்டாம். இந்த வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் ஒற்றை அறை கொண்ட மாஸ்டர் சிலிண்டரிலிருந்தே (பெடலை மிதித்ததும் ஆயிலைத் தள்ளும் பகுதி) பிரேக் ஆயில் செல்வதால், ஏதேனும் ஒரு சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிந்து ஆயில் தீர்ந்தாலும் பெடல் தரையைத் தொட்டுவிடும். அதன்பின் எஞ்சுவது டிரான்ஸ்ஃபர் கேஸின் (எஞ்சின் விசையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரித்தனுப்பும் பெட்டி) பின்புறமுள்ள ஹேண்ட் பிரேக் மட்டுமே. எனவே, முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறைகள் கொண்ட மாஸ்டர் சிலிண்டரை முதலில் பொருத்துங்கள். உயிர் காக்கும் மாற்றம் என்று நான் கருதுவது இதைத்தான். உங்கள் வண்டியில் இருக்கும் 9 அங்குல டிரம், தொடர் இறக்கத்தில் எழும் வெப்பத்தைத் தாங்கும் அளவுக்குப் பெரியதன்று. 11 அங்குல டிரம்முக்கு மாறினாலே நல்ல வேறுபாடு தெரியும்; டிஸ்க் அதைவிட விரைவாகச் சூடு ஆறும், நீரில் நனைந்தாலும் விரைவில் காய்ந்துவிடும். எந்த பிரேக்காக இருந்தாலும், கீழ் கியரில் இறங்கும் பழக்கத்தைக் கைவிடாதீர்கள்.

கேள்வி: டிஸ்க் மாற்றியபின் பெடலை மிகவும் அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கிறது. டீசல் எஞ்சின் போட்ட வண்டி.

பதில்: டிரம் சுழலும்போது பிரேக் ஷூவைத் தானே இழுத்துக்கொள்ளும், டிஸ்க்கில் அந்த உதவி இல்லாததால், வெற்றிடத்தின் துணையால் மிதியின் விசையைப் பெருக்கும் பூஸ்டர் தேவைப்படுகிறது. பெட்ரோல் எஞ்சினைப் போல டீசல் எஞ்சினின் மேனிஃபோல்டில் (காற்று உள்ளே செல்லும் குழாய்த்தொகுதி) போதிய வெற்றிடம் உருவாகாது. ஆகவே ஆல்டர்னேட்டருடன் இணைந்த வேக்குவம் பம்ப் போன்ற ஏற்பாடு இல்லாமல் பூஸ்டரை மட்டும் வைத்துப் பயனில்லை. மாஸ்டர் சிலிண்டரின் விட்டத்தையும் பாருங்கள்: அது கூடினால் தள்ளப்படும் ஆயிலின் அளவு கூடும், ஆனால் அதே மிதிக்குக் கிடைக்கும் அழுத்தம் குறையும்.

கேள்வி: சற்று நேரம் நிறுத்திய பின், முதல் மிதியில் பெடல் ஆழமாக இறங்குவது ஏன்? முன்னால் டிஸ்க், பின்னால் டிரம்.

பதில்: மாஸ்டர் சிலிண்டர் தரைக்கடியில், டிஸ்க்கைப் பிடித்து நிறுத்தும் காலிப்பரைவிடத் தாழ்வாக இருப்பதால் ஆயில் பின்வாங்கியிருக்கலாம். காற்று புகவில்லை என்று உறுதிசெய்தபின், டிஸ்க்குக்கு ஆயில் செல்லும் வழியில், பெடலை விட்டபின்னும் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் 2 பிஎஸ்ஐ (psi, அழுத்த அலகு) எஞ்சழுத்த வால்வைப் பொருத்துங்கள். டிரம்முக்குரிய 10 பிஎஸ்ஐ வால்வு அந்த வழியில் இருந்தால் பிரேக் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும். அதைக் கட்டாயம் நீக்க வேண்டும்.

கேள்வி: டாட் 5 (DOT 5) தரப் பிரேக் ஆயில் ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். அது சிலிக்கான் வகை. ஏற்கெனவே உள்ள டாட் 3 அல்லது டாட் 4 ஆயிலுடன் கலக்கக் கூடாது. மலைப்பயணத்துக்கு, கொதிநிலை உயர்ந்த டாட் 4 ஏற்றது.