பண்ணைவீட்டு மேசையில் பூச்சித் துளை: இழைக்கலாமா?

பிரான்சின் நார்மண்டியில் வாங்கிய பழைய பண்ணைவீட்டுச் சமையலறை மேசையின் கால்களில் சின்னத் துளைகள் இருக்கின்றன, மொத்தமாக இழைத்து வார்னிஷ் அடித்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள்.

2 மில்லிமீட்டர் அளவுத் துளை என்றால் பெரும்பாலும் மரத்தைக் குடையும் மரவண்டுதான். இப்போதும் உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். அடியில் கறுப்புத் தாள் விரித்து வையுங்கள்; மே முதல் ஆகஸ்ட் வரை வண்டு வெளியே வரும் காலம். வெளிர் நிறத்தில் புதுத் தூள் கொட்டினால், கால்களுக்கு மட்டும் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி மருந்து தடவுங்கள். சாப்பாடு படும் மேல்பலகையில் வேண்டாம்.

இழைப்பதை மறந்துவிடுங்கள். அந்தக் கத்தித் தழும்புகள் ரொட்டியும் காயும் அறுத்த தடம். எனக்கு அதுதான் மேசையே! ஈரத்துணியால் துடைத்து, காய்ந்ததும் தேன்மெழுகு தேய்த்தால் போதும்.

அப்புறம், முனையில் ஆழமான டிராயர் இருந்தால் அது ரொட்டி வைத்ததாக இருக்கலாம். அதையும் கவிழ்த்துப் பாருங்கள். மெழுகு படாத சொரசொரப்பான மரத்தில்தான் வண்டு முட்டையிடும்.