பில் போட என் போன் நம்பர் எதுக்கு?

கேள்வி: எந்தக் கடையில பணம் கட்டப் போனாலும் முதல்ல போன் நம்பரத்தான் கேக்குறாங்க. தரலன்னா "சிஸ்டம் எடுக்காதுங்க"ன்றாங்க. பின்னாடி க்யூ நிக்குதேன்னு குடுத்துடறேன், அப்புறம் ஓயாம விளம்பர மெசேஜ். முடியாதுன்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: பேர் போட வேணாம்னு எங்ககிட்ட சொன்னீங்கள்ல, அதே மாதிரி கேஷியர்கிட்டயும் தாராளமா சொல்லலாங்க. என்ன பொருள், என்ன விலை, எவ்ளோ வரி, பணம் வந்துச்சா, பில்லுக்கு இது போதும். சிஸ்டம் எடுக்காதுன்றது முக்காவாசி நேரம் சும்மா, அந்தக் கட்டத்தை காலியா விட்டுட்டு போக வழி இருக்கும், அப்படி இல்லன்னா நம்பர் கட்டாயம்னு கடைக்காரங்களே செட் பண்ணி வெச்சிருப்பாங்க, அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க?

நம்பர்தானேன்னு விட்டுடாதீங்க. வீடு மாறுவோம், கார்டு மாத்துவோம், நம்பர் மட்டும் வருஷக்கணக்கா அதேதான், அதனால எந்தக் கடையில என்ன வாங்குனீங்கன்றதெல்லாம் அதை வெச்சே ஒண்ணா சேத்துடலாம், அந்த லிஸ்ட்டை விளம்பரத் தளங்கள்ல ஏத்துனா ஆன்லைன்ல இருக்கிற உங்க அக்கவுன்ட்டோட பொருத்திக்கூட பாத்துடுவாங்க. நம்பரே வேணாம், அமெரிக்காவுல ஒரு கடை கிரெடிட் கார்டுல பணம் கட்டின பெண்கிட்ட பின்கோடு மட்டும் கேட்டு வாங்கி, அதையும் பேரையும் வெச்சு வீட்டு அட்ரஸையே தேடி எடுத்துடுச்சுன்னு ஒரு கேஸ், பின்கோடும் தனிப்பட்ட தகவல்தான், கார்டுல பணம் வாங்கறப்ப அதைக் கேட்டுப் பதிவு பண்ணக் கூடாதுன்னு 2011-ல கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு.

இந்தியாவுல 2023 மே மாசம் நுகர்வோர் விவகாரத் துறையே, பில்லுக்கு நம்பர் கேட்டுக் கட்டாயப்படுத்துறது நியாயமில்லாத வணிக முறைன்னு சொல்லி கடைகளுக்கு அறிவுரை அனுப்புச்சு. ஐரோப்பாவுல 2018-லேர்ந்து அமல்ல இருக்கிற ஜிடிபிஆர்ன்ற தகவல் பாதுகாப்புச் சட்டப்படி தேவைக்கு மேல தகவல் வாங்கக் கூடாது, விளம்பரத்துக்கு என் தகவலை எடுக்காதேன்னு நீங்க சொல்லிட்டா நிறுத்தியே ஆகணும்.

டோர் டெலிவரி, வாரன்டி பதிவு, போனுக்கே பில் வேணும்னா நம்பர் தேவைதான், அதுல சண்டைக்குப் போகாதீங்க. பாயின்ட்ஸ் கார்டுன்றது வேற கதை, தள்ளுபடிக்கு உங்க தகவலை விக்கிறீங்க, கட்டுப்படியாகுதான்னு நீங்கதான் பாத்துக்கணும்.

அடுத்த தடவை "நம்பர் தர விருப்பமில்ல, பேப்பர் பில் குடுங்க"ன்னு மட்டும் சொல்லுங்க, விளக்கமெல்லாம் குடுத்துட்டு நிக்காதீங்க. மறுத்தா மேனேஜரக் கூப்பிடச் சொல்லுங்க, கேஷியரத் திட்டாதீங்க, பாவம், நம்பர் வாங்கியே ஆகணும்னு மேல இருந்து அவருக்கு பிரஷர் இருக்கலாம். தப்பிக்கிறதுக்காக வாய்க்கு வந்த பத்து டிஜிட்ட சொல்லிட்டும் வராதீங்க, அது வேற யாரோட நம்பராவோ இருக்கும், உங்களுக்கு வர வேண்டிய தொல்லை அவங்களுக்குப் போகும். ஏற்கெனவே குடுத்த கடைகளுக்கு, என் நம்பரை அழிச்சிடுங்க, விளம்பரம் அனுப்பாதீங்கன்னு ஒரு மெயில் போடுங்க, போட்ட தேதியோட காப்பி வெச்சுக்கோங்க, அதுக்கப்புறமும் மெசேஜ் வந்தா நுகர்வோர் குறைதீர் அமைப்புல புகார் குடுக்க அதுதான் கைல இருக்கிற ஆதாரம்.