கடைசியாக எத்தனை மணிக்கு? குடியும் தூளும் விடுகிற நாட்கள் பற்றிய கேள்விகள்

மனநல வார்டில் தாதியாகப் பல வருடம் வேலை செய்தவள் நான். மனவருத்தத்துக்கு மருந்து எடுக்கிற ஒருவர் குடியையோ தூளையோ (ஹெரோயினை) திடீரென்று விட்டால் என்ன செய்வது என்று வன்னிப் பக்கமிருந்து வந்த கேள்விகளுக்கு ஒன்றாகப் பதில் எழுதுகிறேன். இவர்களில் பாதிப் பேரிடம் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: கடைசியாக எடுத்தது எத்தனை மணிக்கு?

முள்ளியவளையிலிருந்து ஒரு தங்கச்சி: அக்கா, என் கணவர் மனவருத்தத்துக்கு மாதாமாதம் ஊசி போடுகிறவர். தினமும் கசிப்பு, களவாகக் காய்ச்சுகிற சாராயம். வற்றாப்பளைப் பொங்கலுக்கு நேர்ந்து குடியை விட்டார். இன்று மூன்றாம் நாள். பூச்சி ஊருது என்று உடம்பைத் தட்டுகிறார், வியர்த்துக் கொட்டுகிறது. பழைய வருத்தம் திரும்பிவிட்டது, குளிசையைக் கூட்டிக் குடு என்கிறா மாமி.

குளிசையைக் கூட்டாதீர்கள் தங்கச்சி. உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

குடியை விட்டு 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் கை நடுங்கும், வியர்க்கும், நித்திரை வராது. வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணித்தியாலத்துக்குள். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரை சிலருக்கு நினைவு தடுமாறும். அதற்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்று பெயர். வைத்தியம் செய்யாமல் விட்டால் உயிரே போகலாம்.

ஒருமுறை ஒரு கடற்றொழிலாளியைக் கொண்டுவந்தார்கள். கட்டிலில் குந்தியிருந்து, இல்லாத வலையை மடியில் போட்டு, இல்லாத ஊசியால் கிழிசல் தைத்துக்கொண்டிருந்தார். நூல் அறுந்தால் பல்லால் கடித்து முடிச்சும் போட்டார். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டால் வள்ளத்தில் என்றார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது, நாடி பறந்தது. பழைய மனவருத்தம் கிளம்பினால் அநேகமாகக் குரல்தான் கேட்கும். ஆள் தான் எங்கே இருக்கிறார், இன்று என்ன கிழமை என்று சொல்வார். இப்படி வியர்வையும் காய்ச்சலும் சேர்ந்து, ஒரு நேரம் தெளிந்து மறுநேரம் குழம்பினால் குடி விட்டதைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

மனவருத்தக் குளிசை இந்த நடுக்கத்தை நிறுத்தாது. அதிலும் குளோர்ப்ரோமசின், க்ளோசபின் போன்றவை வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். இதற்கு வேண்டியது டயசிபாம் வகை மருந்து. ஈரல் கெட்டவர்களுக்கு லொராசிபாம் கொடுப்பார்கள். ஒரு கிழமை மட்டில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார்கள். கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டுபோங்கள், கடைசிக் குடி எத்தனை மணிக்கு என்று அதன் மட்டையிலேயே எழுதிவிடுங்கள். எத்தனை போத்தல் என்பதைவிட அதுதான் உதவும். கசிப்பின் காரம் காய்ச்சுகிற கைக்குக் கை மாறும்.

நேர்த்தி வைத்ததில் பிழையில்லை. வார்டில் நின்று நிறைவேற்றினால் அம்மன் கோவிக்க மாட்டா.

துணுக்காயிலிருந்து ஒரு தம்பி: இரவில் ஆஸ்பத்திரி தூரம். நடுக்கம் தாங்காவிட்டால் கொஞ்சம் குடிக்கக் கொடுக்கலாமா?

ஆள் தெளிவாக இருந்து, நடுக்கம் மட்டும் என்றால், வைத்தியரிடம் சேரும்வரை வழக்கமானதைச் சட்டென்று நிறுத்தாமல் கொஞ்சமாகக் கொடுப்பது பாதுகாப்புத்தான். இதைச் சொன்னதற்கு என்னைத் திட்டுவார்கள், பரவாயில்லை. வலிப்பு வந்தாலோ, ஆள் குழம்பினாலோ வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். சரித்துப் படுக்க வைத்து 1990-க்கு அடியுங்கள்.

வவுனியாவிலிருந்து ஒருவர்: பக்கத்துக் கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் சேலைன் ஏற்றினால் போதாதா?

நாட்கணக்காகச் சாப்பிடாமல் குடித்தவருக்கு விற்றமின் பி1 இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றக்கூடாது. மூளை பாதிக்கும்: கண் ஓடாது, நடை தள்ளாடும், ஞாபகம் போகும். பி1 ஊசி முதலில்.

கிளிநொச்சியிலிருந்து ஓர் அம்மா: மகன் மனவருத்தத்துக்கு லித்தியம் எடுக்கிறவன். தூளை விட்டு இரண்டு நாள். சத்தி, வயிற்றோட்டம், உடம்பு உளைவு. ஃபார்மசியில் நோவுக்கு டைக்ளோபெனக் தந்தார்கள்.

அதைக் கொடுக்காதீர்கள் அம்மா. ஹெரோயினை விட்டால் 8 முதல் 12 மணித்தியாலத்தில் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு கிழமை பத்து நாளில் அடங்கும். அதனால் நேரடியாகச் சாவது அரிது. ஆனால் உடம்பில் தண்ணீர் குறையக் குறைய இரத்தத்தில் லித்தியம் ஏறும்; டைக்ளோபெனக், இபுபுரோபன் இரண்டும் அதை இன்னும் ஏற்றும். கை பெரிதாக நடுங்கி, பேச்சுக் குழறி, நடை தடுமாறினால் அது தூளின் வேலையல்ல, லித்தியம் நஞ்சாகிவிட்டது. அதுவரை காத்திராமல் இன்றே கூட்டிப்போய் இரத்தம் சோதியுங்கள். அடுத்த வேளை லித்தியம் கொடுப்பதா என்று அங்கேயே கேளுங்கள்.

இன்னொன்று. விட்டு ஒரு கிழமையானால் உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறுபடி பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுபோகும். தூளால் வருகிற சாவுகளில் பல இப்படி விட்ட பிறகு வருபவை.

புதுக்குடியிருப்பிலிருந்து ஓர் அண்ணை: 2009-இல் பட்ட செல் (எறிகணை) துண்டு முதுகில் இருக்கிறது. வலிக் குளிசை ட்ரமடோல் இல்லாமல் எழும்ப முடியாது. யோசனைக்கு (மனச்சோர்வுக்கு) ஃப்ளுவொக்செட்டினும் எடுக்கிறேன். ட்ரமடோலை நாளையோடு விடலாம் என்று நினைக்கிறேன்.

நாளையோடு வேண்டாம் அண்ணை. ட்ரமடோலுக்கு இரண்டு முகம். ஒன்று அபின் வகை. மற்றது யோசனைக் குளிசைபோல மூளையில் செரட்டோனின் என்கிற இரசாயனத்தைக் கூட்டுவது. திடீரென விட்டால் உடம்பு உளைவோடு, சிலருக்குக் கடும் பயமும் இல்லாதது தெரிவதும் வரும். உங்கள் வீட்டார் அதைப் போர்க்கால நினைவு திரும்பியது என்று எண்ணக்கூடும். ஃப்ளுவொக்செட்டினோடு சேர்ந்தால் வலிப்பு ஆபத்தும் கூடும், ட்ரமடோலின் வலி நீக்கமும் குறையும். வலி அடங்கவில்லை என்று நீங்கள் குளிசையைக் கூட்டிக்கொண்டே போனதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம். இரண்டு குளிசை அட்டையையும் கொண்டுபோய் மனநல வைத்தியரிடம் காட்டுங்கள். கிழமைக்குக் கிழமை குறைப்பார்கள்.

மல்லாவியிலிருந்து ஓர் அக்கா: குடியை விட்டுப் பத்து நாள். ஆள் பேசுகிறார் இல்லை, அழுகிறார். மனச்சோர்வுக்கு மருந்து தொடங்க வேண்டுமா?

குடியால் வந்த சோர்வு இரண்டு முதல் நாலு கிழமையில் தானாகக் குறைவதுண்டு. அதனால் புதிய நோயாளிக்குச் சில வைத்தியர்கள் பொறுத்துப் பார்ப்பார்கள். முன்பே மனச்சோர்வு இருந்தவர் என்றால் பொறுக்கத் தேவையில்லை, பழைய மருந்தை நிறுத்தவும் கூடாது. சாக வேண்டும்போல இருக்கிறதா என்று நேரே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வராது. ஓம் என்றால் தனியே விடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். மனநல உதவி எண் 1926. வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால், இன்று பொழுதுபடுமுன் வேறு வீட்டில் கொண்டுபோய் வையுங்கள்.