டோரேமானைத் திருப்பினா முகம் ஏன் மாறுது? – கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். அக்கா பொண்ணுக்குக் குடுக்கலாம்னு ஃப்ரீகேட்ல (அளவு குடுத்து 3டி பொருள் வரையிற கேட், அதாவது CAD சாஃப்ட்வேர்) டோரேமான் வரைஞ்சுட்டு இருக்கேன், 3டி பிரிண்ட் எடுக்கணும். நேரா பாத்தா அப்படியே இருக்கு, கொஞ்சம் திருப்பினா வேற யாரோ மாதிரி ஆயிடுது, கண்ணு ரெண்டும் பக்கவாட்டுல இழுத்துக்கிட்டுப் போகுது. கழுத்துல ஃபில்லெட் (மூலையை வளைவா மழுக்குறது) போட்டா எரர். கேட் எல்லாம் நட்டு போல்ட்டுக்குத்தான், கார்ட்டூனுக்கு பிளெண்டர்ங்கிற இன்னொரு 3டி சாஃப்ட்வேருக்குப் போன்னு சீனியர் சொல்றார். விட்டுடலாமா?

*

தம்பி, விட்டுடாதீங்க. மனுஷ முகம், துணி மடிப்பு, முடி இதெல்லாம்னா உங்க சீனியர் சொல்றதுதான் சரி, பிளெண்டர்தான் வசதி. டோரேமான் அப்படி இல்ல, தலை உருண்டை, கை உருண்டை, வால் நுனி உருண்டை, வயித்துப் பை அரைவட்டம், கழுத்துப் பட்டை ஒரு வளையம். ஸ்கெட்ச் (தட்டையா வரையிறது), ரிவால்வ் (வரைஞ்சதைச் சுத்தி உருண்டையாக்குறது), பேட் (வரைஞ்சதை இழுத்துத் தடிமன் குடுக்குறது) இந்த மூணை வச்சே முக்காவாசி முடிஞ்சுடும், கேட் கத்துக்க இதைவிட நல்ல பொம்மை எனக்குத் தெரிஞ்சு இல்ல.

உங்க பிரச்சனை சாஃப்ட்வேர்ல இல்ல, படத்துல இருக்கு. கார்ட்டூன் வரையிறவங்க ஒவ்வொரு கோணத்துக்கும் எது பாக்க நல்லா இருக்கோ அப்படி வரைவாங்க, முன்பக்கப் படமும் பக்கவாட்டுப் படமும் ஒரே பொருளைப் பாத்து எடுத்தது இல்ல, அதனால ரெண்டையும் பின்னாடி வச்சு டிரேஸ் பண்ணினா எங்கயாவது முட்டத்தான் செய்யும். அளவுலயே பாருங்க, டோரேமான் உயரம் 129.3 செ.மீ., மார்புச் சுற்றளவும் 129.3 செ.மீ.னு அதிகாரப்பூர்வமா குடுத்திருக்காங்க (அந்தக் காலத்து ஜப்பான் நாலாங்கிளாஸ் பிள்ளைங்களோட சராசரி உயரம் அது, அவன் கூட இருக்குற பையன் நோபிதாவை மேல இருந்து கீழ பாக்கக் கூடாதுன்னு அப்படி வச்சாங்க, எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது). சுற்றளவை π-ஆல (3.14) வகுத்தா உடம்பு விட்டம் 41 செ.மீ.தான் வருது, உயரத்துல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. படத்துல அளந்து பாருங்க, அதைவிட நல்லா குண்டா இருப்பான். இப்படி முட்டுற இடத்துல எல்லாம் படத்தை நம்புங்க, உயரத்தை மட்டும் எண்ணுல இருந்து எடுத்துக்கோங்க.

இப்ப கண்ணு. நீங்க ஓவல் வரைஞ்சு தலை மேல புரொஜெக்ட் (முன்னால இருந்து நேரா படிய வைக்கிறது) பண்ணியிருப்பீங்கன்னு நினைக்கிறேன். உருண்டை மேல அப்படிப் பண்ணினா நடுப்பக்கம் சரியா இருக்கும், வெளிப்பக்க ஓரம் பின்னால ஓடிடும், நேரா பாக்கும்போது அது தெரியாது, திருப்பினாதான் தெரியும். அதுக்குப் பதிலா கண்ணைத் தனி பாடியா (தனித் துண்டா) பண்ணுங்க, முகத்துக்கு முன்னாடி ஒரு பிளேன் (தட்டையான தளம்) வச்சு ஓவலை அதுல வரைஞ்சு தலைக்குள்ள போற வரைக்கும் பேட் குடுங்க, முன்முகத்துக்கு லேசான வளைவு போதும், தலை ஆரம் 30 மி.மீ.னா கண்ணோட வளைவுக்கு 60 மி.மீ. ஆரம் குடுத்துப் பாருங்க. ஓரம் கொஞ்சம் துருத்திக்கிட்டு நிக்கும், நிக்கட்டும், படத்துலயும் கண்ணு முகத்தை விட்டு மேல எழும்பித்தான் இருக்கு. சரியா வந்திருக்கான்னு முன்பக்கத்துல பாக்காதீங்க, குழந்தை பொம்மையைக் கையில வச்சு கொஞ்சம் மேல இருந்து சாய்வாத்தான் பாக்கும், அந்தக் கோணத்துல வச்சுப் பாத்து திருத்துங்க.

கழுத்துக்கு ஃபில்லெட்டே வேணாம். பக்கத்துல இருக்குற ஃபேஸ் (பரப்பு) தாங்குறதைவிட ஆரம் பெருசா இருந்தா ஃபில்லெட் ஃபெயில் ஆகும், எப்படியும் அந்த ஜாயின்ட்டை சிவப்புப் பட்டை மறைச்சுடும். தலையும் உடம்பும் தனித்தனியா பிரிண்ட் எடுத்து சொருகுங்க, சொருகுற இடத்துல பக்கத்துக்கு 0.2 மி.மீ. இடைவெளி விட்டுப் பாருங்க, பிரிண்டருக்குத் தக்க மாத்திக்கலாம்.

பத்துல ஒரு பங்கு அளவுல பண்ணுங்க தம்பி. உயரம் 129.3 மி.மீ. வரும். அவனோட எடை 129.3 கிலோ, நீளம் பத்துல ஒண்ணானா கன அளவு ஆயிரத்துல ஒண்ணாகும், அப்ப எடை 129.3 கிராம் ஆகணும். பிஎல்ஏ (3டி பிரிண்டர்ல போடுற பிளாஸ்டிக்) ஒரு கன செ.மீ.க்கு 1.24 கிராம், ஸ்லைசர்ல (பிரிண்டருக்கு ஃபைல் தயார் பண்ற சாஃப்ட்வேர்) இன்ஃபில்லை, அதாவது உள்ள எவ்வளவு நிரப்பணும்ங்கிறதை, கூட்டிக் குறைச்சு அந்த எடைக்குப் பக்கத்துல கொண்டு வந்துடலாம், கையில வாங்கும்போது அந்தக் கனம் நல்லா இருக்கும்.

மீசையை மட்டும் பிரிண்ட் பண்ணாதீங்க, பக்கத்துக்கு மூணு, அவ்வளவு மெல்லிசா எடுத்தா ஒரே நாள்ல ஒடிஞ்சுடும். 1 மி.மீ. ஓட்டை விட்டுட்டு தூண்டில் நரம்பை வெட்டி ஒட்டிடுங்க.